தம்புசாமியின் வண்டி ஓடினால்

கணேசமூர்த்தி வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். சில்லறைப் பொய் யார்தான் சொல்லவில்லை, அதை விடுங்கள். இந்தப் பொய்யை அவன் 1979-இல், இருபத்திரண்டு வயதில், மலேசியாவின் மலாக்காவில், பெம்பான் ஊர்ப்பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் சொன்னான். அம்மா ராமாத்தாள் மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுருண்டு கிடந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணன தம்பின் டவுனு ரயில் ஸ்டேஷன்ல பாத்தேம்மா. சிங்கப்பூருக்கு ரயிலேறுச்சி. வேல கெடச்சதும் லெட்டர் போடுறேன்னுச்சி" என்றான். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். கஞ்சி குடித்தாள். பொய்க்கு இருந்த வேலை அதோடு முடிந்தது என்று அவன் நினைத்தான். அங்கேதான் ஏமாந்தான்.

ஸ்டேஷனில் அவன் உண்மையில் பார்த்தது அண்ணனின் மோட்டார் சைக்கிளை மட்டும்தான். தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடமிருந்து அண்ணன் தம்புசாமி பழசாக வாங்கிய பி.எஸ்.ஏ. பேன்டம். அதை வாங்கிய நாளிலிருந்து அம்மாவுக்கும் அவனுக்கும் ஓயாத சண்டை. கடைசிச் சண்டையில், "வண்டிதான் ஒனக்குப் பெருசுன்னா, அதோடவே போய்த் தொலைடா!" என்று அவள் கத்தினாள். அவனும் போனான். வண்டி ஸ்டேஷன் வேலியில் சாய்ந்து நின்றது, ஆளைக் காணவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. மூர்த்திதான் லாரி பிடித்து வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தான்.

பெற்ற வாயால் தொலைந்து போ என்று சொன்னவளுக்கு, பிள்ளை எங்கேயாவது உயிரோடு இருந்தே ஆக வேண்டும். அதனால் கேள்வி மேல் கேள்வி. என்ன சட்டை போட்டிருந்தான்? நீலச் சட்டைம்மா. கையில என்ன வச்சிருந்தான்? ஒரு பை. ரயிலு கெளம்பும்போது திரும்பிப் பாத்தானா? பாத்துச்சிம்மா, கையாட்டுச்சி. தீபாவளிக்குத் தீபாவளி ஒரு புதுக் கேள்வி வரும். மூர்த்தியும் அதற்கு ஒரு பதிலைத் தேடிக் கொடுப்பான். கடிதம் மட்டும் வரவில்லை. ராமாத்தாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; மகனும் அவளை மாதிரிதான், பேனாவைத் தொட மாட்டான் என்று தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

தோட்டத்தை விற்று, லயத்தை இடித்து, எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். மூர்த்திக்கு, மலாக்காவின் பத்து பிரண்டாம் என்ற இடத்தில், ஒரு ஃபேக்டரியில் மெஷின் பழுது பார்க்கும் வேலை. பாயா ரும்புட்டில் ஒரு தொடர்வீடு வாங்கினான். மனைவி நளினி வந்தாள், அம்மா வந்தாள், அந்தத் துருப்பிடித்த வண்டியும் வந்தது. வீட்டின் பின்பக்கம் ஜிங்க் தகரத்துக்கு அடியில் கோழி அடைய நின்றது. அதை விற்கச் சொன்ன பழைய இரும்புக்காரனை ராமாத்தாள் துடைப்பத்தோடு கேட் வரைக்கும் துரத்தியதை அந்தத் தாமான் குடியிருப்பே பார்த்தது.

1995 கடைசியில் அவள் முனியாண்டி கோயிலுக்குக் குறி கேட்கப் போனாள். சாமியாடி பெரியதம்பி கண்ணை உருட்டிக்கொண்டு சொல்லிவிட்டார்: "வண்டி நின்னு போச்சி, அதான் அவனும் நின்னு போயிட்டான். வண்டி உறுமுற அன்னைக்கு ஒன் வாசல்ல வந்து நிப்பான். மாசி மகம் தாண்டாது." அந்த மனிதருக்கு என்ன, சொல்லிவிட்டுச் சுருட்டுப் பிடிக்கப் போய்விட்டார். ராமாத்தாள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "வண்டிய ஓட வையிடா" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒருவேளைச் சாப்பாடுதான்.

மூர்த்தி வண்டியைக் கார் போர்ச்சுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். உள்ளதைச் சொல்ல வேண்டும்: அவனுக்குப் பயமும் இருந்தது, ஆசையும் இருந்தது. அண்ணன் ஒருநாளும் அவனை அந்த ஹேண்டிலைப் பிடிக்க விட்டதில்லை. எஞ்சின் இறுகிக் கிடந்தது. பிளக்கைக் கழற்றி, துவாரத்தில் டீசலை ஊற்றி ஊறவிட்டு, தினமும் வேலைவிட்டு வந்து கிக்கரை மெல்ல மிதித்து மிதித்துப் பார்த்தான். ஒன்பதாம் நாள் உள்ளே பிஸ்டன் ஒரு விரற்கடை நகர்ந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்ரோல் தொட்டியில் ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட்டை ஊற்றி, பழைய சைக்கிள் செயினைப் போட்டுக் குலுக்கினான். காப்பித்தூள் மாதிரி துரு கொட்டியது. கார்புரேட்டரைப் பிரித்து, ஊசித் துவாரங்களை ஊதிச் சுத்தம் செய்தான். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ராமாத்தாள் ஒவ்வொரு திருகையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னும் எத்தன நாளு?" ஒரு நாளைக்குப் பத்துத் தரம் இதே கேள்வி.

தைமாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. சீட்டின் மேல்துணி கிழிந்து, ஸ்பாஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதைச் சுரண்டி எடுக்கும்போது, அடித் தகட்டோடு ஒட்டிக்கிடந்த ஒரு பிளாஸ்டிக் பை கைக்கு வந்தது. ரப்பர் பேண்டு தொட்டதும் துண்டாகிவிட்டது. உள்ளே ஓர் ஐ.சி. தம்புசாமியின் அடையாள அட்டை. படத்தில் அண்ணன் தலையை எண்ணெய் வைத்து வாரி, யாரையோ முறைப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். வேர்வையிலும் மழையிலும் நனையாமல் இருக்க அதைச் சீட்டுக்குள் செருகி வைத்திருக்கிறான். போகும்போது எடுக்கவில்லை.

இந்த நாட்டில் ஐ.சி. இல்லாமல் ஒருவன் எங்கே போவான்? பாஸ்போர்ட் எடுக்க முடியாது, சிங்கப்பூருக்குப் போகும் ஜொகூர் பாலத்தைத் தாண்ட முடியாது, வேலை கிடையாது, ரோட்டில் போலீஸ் நிறுத்தினால் லாக்கப்தான். அண்ணன் சிங்கப்பூர் போகவில்லை. ஜொகூர்கூடப் போயிருக்க மாட்டான். அந்த ஸ்டேஷனைத் தாண்டியே போனானோ என்னவோ.

"என்னாடா அது?" ராமாத்தாள் நாற்காலியிலிருந்தே கழுத்தை நீட்டினாள்.

"எலிக்கூடும்மா."

"காட்டு."

"சீ, நாத்தம் புடிச்சது. அதப் போய்ப் பாக்கணுமா?" ஐ.சி.யை உள்ளங்கையில் மடக்கிக் கால்சட்டைப் பைக்குள் திணித்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அடுப்படியில் நளினியிடம் காட்டினான். அவளுக்கு ஸ்டேஷன் பொய் கல்யாணமான வருஷமே தெரியும். ஐ.சி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னாங்க, இன்னைக்கே சொல்லிடுங்க. அத்தை ஒருவேள சாப்புட்டுக்கிட்டு எலும்பும் தோலுமா ஆயிட்டாங்க."

"சொன்னா செத்துரும் நளி."

"வண்டி ஓடி, ஆளு வரலன்னா மட்டும்? அன்னைக்கு என்னா பண்ணுவீங்க?"

மூர்த்தி இழுத்தடித்தான். டயர் சரியில்லை என்றான். கேபிள் அறுந்துவிட்டது என்றான். கடைசியில், பிளக்குக்குப் பொறி அனுப்புகிற பாயிண்ட் தேய்ந்துவிட்டது, அது இப்போது மலேசியாவிலேயே கிடையாது, இங்கிலாந்திலிருந்துதான் வர வேண்டும், ஆறு மாசம் ஆகும் என்று ஒரே போடாகப் போட்டான். மாசி மகம் தாண்டிவிடும். சாமியாடியின் கெடுவும் தாண்டிவிடும். அவள் மனசு தானாக ஆறிவிடும் என்று கணக்குப் போட்டான். மடையன்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் ராமாத்தாள் பட்டறைப் பலகையிலிருந்த பழைய பாயிண்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். தனியாகப் பஸ் ஏறி மலாக்கா டவுனுக்குப் போனாள். தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "இனி மச்சாம் அடா கா?" என்று, இந்த மாதிரி இருக்கிறதா என்று, மோட்டார் சாமான் கடை கடையாக ஏறி இறங்கினாள். ஆறாவது கடையில் ஒரு கிழட்டுச் சீனர் பரணில் ஏறி ஒரு மணிநேரம் துழாவி, எண்ணெய்க் காகிதம் பிரிக்காத ஒன்றை எடுத்துக் கொடுத்தாராம். சாயங்காலம் மூர்த்தி வந்தபோது அவள் வேர்வையில் குளித்துப்போய்க் கேட்டில் நின்றாள்.

"இந்தா. மாட்டு."

அவன் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். தப்பிக்க இனி ஒரு சந்து இல்லை. உடுப்புகூட மாற்றாமல் உட்கார்ந்து மாட்டினான். பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றினான். இது பிடிக்கக் கூடாது முனியாண்டி, பிடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே கிக்கரை மிதித்தான். பார்த்துப் பார்த்துச் செய்த தன் வேலை பிடிக்கக் கூடாது என்று வேண்டிய மெக்கானிக் உலகத்திலேயே அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். நாலு மிதி ஒன்றுமில்லை. ஐந்தாவதில் ஒரு இருமல். ஆறாவதில் வண்டி நீலப் புகையைக் கக்கிக்கொண்டு படபடவென்று பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு மலாய்க்காரர் எட்டிப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார்.

ராமாத்தாள் வண்டியைப் பார்க்கவேயில்லை. கேட்டைத்தான் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்து, தலையைக் கோதி முடிந்துகொண்டு, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரோட்டில் ஒரு ஐஸ்கிரீம் வண்டி போனது. பள்ளிவிட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் கழுத்து திரும்பியது.

கால் மணி நேரம் ஆயிற்று. எஞ்சினிலிருந்து சூடு முகத்தில் அடித்தது. "நிப்பாட்டுறேம்மா. நின்ன எடத்துல இவ்ளோ நேரம் ஓடுனா எஞ்சின் சூடாகி மறுபடியும் இறுகிடும்."

"நிப்பாட்டாத!"

"அம்மா..."

"நிப்பாட்டாதன்னேன்! சத்தம் கேட்டாத்தானடா அவன் வருவான்!"

இன்னும் ஐந்து நிமிஷம். சத்தம் மாறியது, உள்ளே உலோகம் உலோகத்தை உரசுகிற மெல்லிய கீச்சு. வாசலில் நளினி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மூர்த்தியால் தாங்க முடியவில்லை. சாவியைத் திருகினான். வண்டி அடங்கியது. தெருவே அடங்கியது மாதிரி இருந்தது.

"அண்ணன் வராதும்மா," என்றான். அன்றிலிருந்து கூடவே கொண்டு திரிந்த ஐ.சி.யைப் பையிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தான். "சீட்டுக்குள்ள இருந்திச்சி. இது இல்லாம அது சிங்கப்பூரு போயிருக்கவே முடியாது. எங்கயும் போயிருக்க முடியாது. புரிஞ்சிக்கம்மா."

ராமாத்தாளுக்கு எழுத்துத் தெரியாது, முகம் தெரியும். படத்தின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினாள். அவள் கீழே விழுவாள் என்று மூர்த்தி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான். அவள் விழவில்லை. முகம் மெல்ல மலர்ந்தது. பதினாறு வருஷத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் அவன் பார்த்ததில்லை.

"அடப் பாவிப் பயலே! இத வுட்டுட்டா போனான்? அதாண்டா! அதாண்டா அவனால திரும்பி வர முடியல! ஐ.சி. இல்லாம எம்புள்ள அங்க மாட்டிக்கிட்டுல்ல கெடக்கான்!"

"இல்லம்மா. நான் அண்ணன பாக்கவேயில்ல. ஸ்டேஷன்ல வண்டி மட்டுந்தான் நின்னுச்சி. நீ சாப்புடாம கெடந்தியேன்னு பொய் சொன்னேன்."

"நீலச் சட்டன்னு சொன்னியே."

"பொய்ம்மா."

"கையாட்டுனான்னியே."

"அதும் பொய். எல்லாம் பொய்ம்மா." அவன் அழுதான். முப்பத்தெட்டு வயது ஆம்பிளை, எதிர்வீட்டுக்காரர் பார்க்க, சிமெண்ட் தரையில் முழங்காலிட்டு அழுதான்.

ராமாத்தாள் அவனை நிதானமாகப் பார்த்தாள். "இப்பச் சொல்றியே, இதாண்டா பொய். அவன் வாங்குன நாள்லேர்ந்து ஒனக்கு இந்த வண்டி மேல ஒரு கண்ணு. இன்னைக்கு ஓடுது. ஒடனே எம்புள்ளய சாவடிக்கிற."

"அத்தை!" என்றாள் நளினி. "அவரு எதுக்கு..."

"நீ சும்மா இரு."

இல்லை என்று சொல்ல மூர்த்தி வாயைத் திறந்தான். வண்டி மேல் ஆசை இருந்தது உண்மைதானே. ஒன்பதாம் நாள் அந்தப் பிஸ்டன் நகர்ந்தபோது சிரித்தவன் அவன்தானே. அவள் குனிந்து அவன் சட்டைப் பையில் ஐ.சி.யைச் செருகி, பொத்தானையும் போட்டுவிட்டாள். பள்ளிக்கூடம் அனுப்பும்போது அப்படித்தான் செய்வாள்.

"சிங்கப்பூருக்குக் கொண்டுபோய் அவன்கிட்ட குடு. ரெண்டு பேரும் ஒண்ணா வாங்க. அவன் இல்லாம நீ மட்டும் வந்தேன்னா, நீயும் எனக்கு வேணாம்."

ஆயிரம் சொல்லியிருக்கலாம். அவன் வாயிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான். "ரோட் டேக்ஸ் இல்லம்மா."

"அப்ப மெதுவா ஓட்டு," என்று சொல்லிவிட்டு அவள் கேட்டை அகலத் திறந்து வைத்தாள்.

மூர்த்தி நளினியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு எழுந்து, வண்டியில் ஏறி உட்கார்ந்து, இப்போதாவது பிடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு கிக்கரை மிதித்தான். சனியன் பிடித்த வண்டி, முதல் மிதியிலேயே பிடித்துக்கொண்டது.