ஆ காட்டினால் கதை

எங்கள் பல் டாக்டர் கைராசிக்காரர், வாய்தான் சும்மா இருக்காது. நோயாளியின் வாயில் பஞ்சை அடைத்த பிறகுதான் அவருக்குப் பேச்சே வரும். "இப்ப என்ன புத்தகம் படிக்கிறீங்க?" என்று கேட்பார். நமக்குப் பதில் சொல்ல வழியில்லை. உடனே தான் படித்துக்கொண்டிருப்பதைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். கதையில் கார் வேகமெடுத்தால் கையிலிருக்கும் டிரில்லும் வேகமெடுக்கும்.

இதெல்லாம் தெரிந்தும் என் துப்பறியும் நாவலைக் கையோடு எடுத்துப் போனேன். என் புத்தியை என்ன சொல்ல. கொலைகாரன் யார் என்று தெரிய நாலைந்து அத்தியாயம்தான் பாக்கி. காத்திருக்கும் நேரத்தில் கொஞ்சம் ஓட்டலாம் என்று ஆசை.

நாற்காலியில் சாய்ந்ததும் டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டார்.

"அட, நானும் இதைத்தான் சார் படிக்கிறேன். ஆ காட்டுங்க."

'நான் இன்னும் முடிக்கல டாக்டர்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் பஞ்சு வந்து உட்கார்ந்தது.

"வலிச்சா கையைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கதைக்குள் இறங்கினார். பங்களா முதலாளி செத்துக் கிடந்தது, டிரைவர் திருதிருவென்று முழித்தது, மருமகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்றது என்று ஒன்றையும் விடவில்லை. நான் படிக்காத இடம் நெருங்க நெருங்க எனக்கு உயிர் போனது. நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினேன்.

"வலிக்குதா? பாவம்" என்று இன்னொரு ஊசி போட்டார்.

மறுபடி தூக்கினேன். மறுபடி ஊசி. எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருந்த நர்ஸ் அம்மா, "சாருக்கு ரொம்ப பயந்த சுபாவம்" என்றார். வேறு வழியில்லாமல் காதைப் பொத்திக்கொண்டேன். டிரில் சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து டாக்டர் அதை நிறுத்தினார். என் கையைப் பிடித்து மெல்ல விலக்கினார். அந்த அமைதியில் கணீரென்று சொன்னார்:

"கொன்னது மருமகதான் சார்."

கோணிய வாயோடு வீட்டுக்கு வந்து புத்தகத்தைச் சோபாவில் வீசினேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் உளறிக் கொட்டியதைக் கேட்டுக்கொண்டே மனைவி அதை எடுத்துப் புரட்டினாள்.

"எந்த மருமக? அவளையும்தான் இங்க கொன்னு போட்டுட்டாங்களே" என்றாள்.

பிடுங்கிப் படித்தேன். அடுத்த அத்தியாயத்திலேயே மருமகள் காலி. டாக்டரும் என்னைப் போல் முடிக்காத ஆள்தான், குத்துமதிப்பாக அடித்து விட்டிருக்கிறார். ஒரே மூச்சில் கடைசிப் பக்கம் வரை போனேன். மனசு குளிர்ந்தது.

அடுத்த முறை நாற்காலியில் உட்கார்ந்தேன், சாயவில்லை.

"டாக்டர், கொன்னது மருமக இல்ல. நான் முடிச்சிட்டேன்."

அவர் கையில் இருந்த பஞ்சு அப்படியே நின்றது. "சார், சொல்லிடாதீங்க. வேலை ஜாஸ்தி, அதுக்கப்புறம் புத்தகத்தைத் தொடவே முடியல."

"சொல்லல. ஆனா இன்னைக்குக் கதை வேணாம். ஊசி ஒன்னே ஒன்னு, அதுவும் மெதுவா."

"ஒருவேளை வலிச்சா?"

"பஞ்சை எடுத்ததும் பேரைச் சொல்லிடுவேன்."

நர்ஸ் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தார். டாக்டர் வாயே திறக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தார். வலி என்ற பேச்சுக்கே இடமில்லை. எனக்குக் கண்ணைச் சொக்கியது.

முடித்துக் கை கழுவும்போது, "இன்னைக்கே உக்காந்து படிச்சு முடிச்சிடறேன் சார்" என்றார். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் இரண்டு பல் பாக்கி இருக்கிறது.

"தாராளமா முடிங்க டாக்டர். அடுத்து என்ன படிக்கப் போறீங்க?"

சூதுவாது தெரியாமல் பெயரைச் சொன்னார். நான் நேராகப் புத்தகக் கடைக்குப் போனேன். எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தால், தலையணை மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போகும்வரை பொறுக்கவில்லை, பஸ்ஸிலேயே பிரித்துவிட்டேன்.