கல்லுத்திட்டில் ஒரு புளியங்கொட்டை

யோகம்மா டீச்சர் மண்வெட்டியை ஓங்கித் துறைமுகத்தின்மேல் போட்டாள். ஒரே வெட்டில் கோட்டைப்பக்கம் பிளந்தது.

"கெதியா உடையுங்கோ, டீச்சர்! ஜீப் சந்தி திரும்பிட்டுது!" பள்ளிக்கூட வாசலில் நின்று பதறினார் தலைமையாசிரியர் வீரசிங்கம்.

சீனியர் வகுப்பு முற்றத்தில் களிமண்ணால் கட்டிய திருகோணமலைத் துறைமுகம் அது. இலத்தீனுக்குப் பதிலாகப் பூமிசாத்திரம் எடுக்கலாம் என்று அந்த வருஷம்தான் வந்தது. சண்டை பிடித்து வாங்கியவள் யோகம்மா. பிள்ளைகள் வரும் வழியில் கண்ட ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு புளியங்கொட்டையை அதனதன் இடத்தில் வைப்பார்கள். நல்ல பாடம்தான். ஆனால் போன சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போட்டதிலிருந்து ஊரில் இதற்கு வேறு பெயர்: உளவு.

"இலத்தீன் படிப்பிச்சிருந்தா ஒருத்தனும் ஜீப்பிலை வந்திருக்கமாட்டான்!"

தலைமையாசிரியரின் புலம்பலுக்கு நடுவே அவள் அடுத்த வெட்டைப் போட்டாள். கடற்படைக் கப்பல்களைக் கட்டியிழுக்கும் இழுவைப்படகில் வேலைக்குப் போன கணவன் சிவபாதம் நேற்றிரவு வீடு திரும்பவில்லை. வேலை நீண்டிருக்கும் என்றுதான் காலையில் நினைத்தாள். கடற்படையார் இந்த மண் துறைமுகத்தைப் பற்றி விசாரிக்கிறார்களாம் என்று பள்ளி விட்ட பிறகு காதில் விழுந்தபோதுதான் இரண்டையும் முடிச்சுப் போட்டாள். அப்படியென்றால் முதலில் அவரைத்தான் பிடித்திருக்கிறார்கள்!

கொட்டைகளை அவசரமாக முந்தானையில் அள்ளினாள். அன்று காலை, கிண்ணியாவிலிருந்து தோணியில் வரும் மாணவன் மஹ்ரூப், கடலுக்குள் பாறைகள் மறைந்திருக்கும் கல்லுத்திட்டின்மேல் ஒன்றை வைத்து அவளிடம் பேச்சு வாங்கினான். "பூமிசாத்திரம் படிக்கிறீரோ, பகிடி விடுறீரோ? கல்லிலை கப்பல் நிக்குமோ?" வகுப்பே சிரித்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவள் கேட்கவில்லை.

ஜீப் உறுமி நின்றது. வெள்ளை அதிகாரி குதித்தார். பின்னால் சிவபாதத்தோடு வேலை செய்யும் இராசையா.

"டீச்சர், எங்கை உங்கடை துறைமுகம்?" என்று இராசையா கேட்டான்.

அவள் முந்தானையை இறுகப் பிடித்தபடி முன்னால் வந்தாள். "நான்தான் கட்டுவிச்சனான், அண்ணை! பிள்ளையளுக்கு ஒண்டும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அவரை விடச் சொல்லுங்கோ!"

"விடுறதோ? ஆரை?"

அதிகாரி உடைந்த மண்கட்டிகளுக்கு நடுவே குந்தி எதையோ தேடினார். இராசையா அவளை நேரே பார்க்காமல் பேசினான்.

"தங்கச்சி, பதறாமல் கேளுங்கோ. ராத்திரி விளக்கணைச்சுப் போன இழுவைப்படகு இன்னும் திரும்பேல்லை. வெளிக்கடல் முழுக்கத் தேடியாச்சு. உங்கடை பிள்ளையள் காலமை எங்கையாவது கண்டு கொட்டை வைச்சதுகளோ எண்டு பாக்கத்தான் வந்தனாங்கள். சிவபாதம் அதிலைதான்."

முந்தானை அவிழ்ந்து கொட்டைகள் சிதறின. வெயில் மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது.

"கல்லுத்திட்டு..." அவள் குனிந்து உடைந்த மண்ணில் அந்த இடத்தைத் தொட்டாள். "காலமை அதிலை ஒண்டு இருந்தது, அண்ணை. பிழையெண்டு நான்தான் எடுத்தெறிஞ்சனான்."