ஒரு சொல்லைத் திருத்த வேணும்

அருமைராசா வீட்டில் கடைசியாகச் செய்த வேலை, தேர்தல் துண்டுப்பிரசுரத்தில் ஒரு சொல்லின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டியது. அதுவும் மனைவி றெஜினா மூன்று நாள் கத்திய பிறகு.

கனடாவில், கியூபெக்கின் டோர்வல் விமானநிலையச் சமையற்கூடத்தில் பதினாறு வருடம் தொழிற்சங்கப் பிரதிநிதி. பார்க் எக்ஸ்டென்ஷனில் நகரசபைக்கு இரண்டு முறை நின்று, இரண்டு முறையும் தோற்றவர். 2005இல் மூன்றாம் முறை நிற்க ஆயத்தம். பிரெஞ்சுப் பக்கத்தில் ‘நான் யூனியன் ஆள்’ என்று தானே எழுதி, இரண்டாயிரம் பிரதி அடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

“இஞ்சருங்கோ, பிரெஞ்சிலை யூனியன் எண்டால் ஒற்றுமை. சங்கத்துக்குச் சண்டிக்கா எண்டு போடவேணும்,” என்றாள் றெஜினா. அவள் வேலை செய்த சிறுவர் காப்பகத்துப் பிள்ளைகள்தான் அவளுக்குப் பிரெஞ்சு வாத்திமார்.

“சண்டிக்காவோ? எங்கட சனம் சண்டியன் எண்டெல்லே நினைக்கும்!”

“எங்கட சனம் எப்ப பிரெஞ்சுப் பக்கம் வாசிச்சது?”

அவர் கேட்கவில்லை. கனடாவிலிருந்து கியூபெக் பிரியக்கூடாது என்கிற கட்சி இவர் என்று, தனிநாடு கேட்கிற வேலைத்தலத்துப் பிரெஞ்சுக்காரர் எடுத்துக்கொண்டார்கள். பிரசுரம் கொடுக்க வருகிறோம் என்ற ஆறு பேரில் ஒருவரும் வரவில்லை. “எங்களைப் பிரியவிடாத ஆளோ நீ?” என்று ஒருவன் முகத்துக்கு நேரேயே கேட்டுவிட்டான். அதன் பிறகுதான் மனிதன் பசையை எடுத்தார்.

‘சண்டிக்கா’ என்று எழுதிய தாளை முப்பதில் ஒட்டியிருப்பார். “மிச்சம் பேந்து ஒட்டுறன், பசையை மூடி வை,” என்று வேலைக்குப் போனவர் அக்காடி மெத்ரோ ரயில்நிலையப் படியில் விழுந்தார். மாரடைப்பு.

செத்தவீட்டில் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அஞ்சலி அட்டையை வாசித்துவிட்டு அவள் கையைப் பிடித்து, கனடாவின் ஒற்றுமைக்கு உழைத்தவர் என்று கண்கலங்கினார். அட்டை அடித்த நகுலேஸ்வரன் பிரெஞ்சு வசனத்தைப் பழைய பிரசுரத்திலிருந்து அப்படியே எடுத்திருந்தார்.

“அண்ணை, பிழையெண்டு அவரே ஒட்டி மறைச்ச சொல்லு இது!”

“அவரின்ரை சொந்த வசனமெல்லே, தங்கச்சி. நான் கை வைப்பனோ?”

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று றெஜினா, “சண்டிக்கா! சண்டிக்கா!” என்று கிழவருக்குச் சொன்னாள்.

“ஆரப்பா சண்டியன்?” என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு முன் மிச்சம் முழுவதையும் அவளே ஒட்டினாள். சமையற்கூட வாசலில் நின்று கொடுத்தாள். முகத்துக்கு நேரே கேட்டவன் வாசித்துவிட்டு, இன்னும் ஐந்து வாங்கிக்கொண்டு போனான்.

பிரசுரம் அடித்த முதல் நாளே அவர் மூலைக்கடைக் கண்ணாடியின் உட்பக்கம், எழுத்து வெளியே தெரிய ஒட்டியது ஒன்று இருந்தது. நகத்தாலும் கத்தியாலும் சுரண்டிப் பார்த்தாள். பசை கண்ணாடியாகவே இறுகிவிட்டது. அதில் இன்றைக்கும் யூனியன்தான்.