தோர்வகேரில் பாதிவரை ஏறும் கொடிகள்

2009ஆம் ஆண்டு மே மாதம் பதினெட்டாம் திகதி, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, மாமாங்கத்தின் வீட்டுத் தோட்டத்தில் ஏற்றிய டென்மார்க் கொடி கம்பத்தின் பாதிவரை போய் நின்றுவிட்டது. அந்த வாரத்திலிருந்து தோர்வகேரில் எந்தக் கொடியும் பாதிக்கு மேல் ஏறியதில்லை.

தோர்வகேர், டென்மார்க்கில் கிரின்ஸ்டெட்டுக்கும் பிராண்டேக்கும் நடுவே இரண்டுக்கும் வேண்டாமல் கிடக்கிற ஊர். நானூற்றுப் பன்னிரண்டு பேர், நூற்று முப்பத்தொரு கொடிக்கம்பம். முந்திப் பால் தொழிற்சாலை இருந்தது, மூடினார்கள். பள்ளிக்கூடம் இருந்தது, அதையும் மூடினார்கள். மிஞ்சியது தேவாலயமும் ஊர்ச் சங்கமும். ஜெர்மன்காரன் நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஐந்து வருசமும் ஊர் அவனுக்குப் பன்றி விற்றது. போர் முடிந்த மறுநாள்தான், ஊரில் பால்குடிப் பிள்ளை தவிர எல்லோரும் அவனை ஒளிந்திருந்து எதிர்த்தவர்கள் என்ற விசயம் வெளியே வந்தது. அதற்குப் பிறகு வேறு வேலை இல்லாமல் கொடி ஏற்றினார்கள். பிறந்தநாளுக்கு, கலியாணத்துக்கு, பேரப்பிள்ளை வந்தால், சில வீடுகளில் நாய்க்கும். ஆள் செத்தால் பாதிக்கம்பம். அடக்கம் முடிந்த கையோடு உச்சி. எட்டு மணிக்கு முன் ஏற்றக்கூடாது, பொழுது பட்டபின் பறக்கக்கூடாது. அந்தத் துணிக்கு இருந்த மரியாதையில் கால்வாசிகூட ஊரில் எந்த மனிதருக்கும் இருக்கவில்லை.

மாமாங்கம் மட்டக்களப்பான். கிரின்ஸ்டெட்டில் தொழிற்சாலை வேலை. வீட்டை வாங்கியபோது கம்பமும் கூட வந்தது. பெண்சாதி மனோரஞ்சிதம் முதியோர் இல்லத்தில் ஊர்க் கிழவர்களைக் குளிப்பாட்டினாள். அந்தத் திங்கள் மகள் நிரோஜாவுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்தது. கொடி ஏற்றாத பிறந்தநாள் பிறந்தநாளே இல்லையென்று அவள் டேனிஷில் அழுததால் ஏற்றினார்கள்.

மனோரஞ்சிதத்துக்குக் கொடி பார்க்கிற மனம் இல்லை. இரண்டு நாளைக்கு முன்தான் வன்னியிலிருந்து ஒரு ஆள் தொலைபேசியில் வந்தான். அவள் தம்பி, லொறி ஓட்டுகிற கோணேசன், கடலேரிக் கரையில் விழுந்ததைக் கண்ணால் கண்டதாகச் சொன்னான், தூக்க ஆள் இருக்கவில்லை என்றான், இணைப்பு அறுந்துபோனது. ஆனால் ஒடென்சே நகரத்துத் தமிழர் மண்டபத்தில், இயக்கத்துக்காகப் பேசுகிற ஆனந்தராஜா அறிவித்துவிட்டார்: ஒருவரும் சாகவில்லை, எல்லாம் எதிரியின் பொய், அழுகிறவன் துரோகி. இருபது வருசமாக ஒலிவாங்கியாலேயே போர் செய்த மனுசன் அவர். மாமாங்கம் அவர் வாய் பார்க்கிறவன். “சத்தம் போடாத புள்ள, ஆக்கள் என்ன சொல்லுவினம்,” என்றான். மனோரஞ்சிதம் கிழவர்களின் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். தம்பி செத்துப்போனான் என்று ஒருதரம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்குத்தான் வீட்டில் இடமில்லை.

பாதிக்கொடியைக் கண்டதும் அக்கம்பக்கத்தார் பூவோடு வந்தார்கள். யார் செத்தது என்று கேட்டார்கள். ஒருத்தரும் இல்லை, மகளுக்குப் பிறந்தநாள் என்று மாமாங்கம் சிரித்தான். அவர்கள் பூவைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். அவன் ஏணி வைத்து ஏறி, கப்பிக்கு எண்ணெய் விட்டு, ஒற்றைக் காலுறையைக் கயிற்றில் கட்டி இழுத்தான். காலுறை உச்சிக்குப் போனது. கொடி போகவில்லை. செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுக் கொடி நின்றது, புதன்கிழமை தெருவே நின்றது. வியாழக்கிழமை தேவாலயத்தில் ஏழு பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல், பிள்ளை வளர்ந்துவிட்டதென்று கொடி ஏற்றிக் கொண்டாடுகிற சடங்கு. வெள்ளை உடுப்போடு பாதிக்கொடிக்குக் கீழே நின்று படம் பிடிக்க வேண்டியதாயிற்று. எந்தச் செத்தவீட்டிலும் அந்த ஊர் இவ்வளவு கண்ணீர் விட்டதில்லை.

சனிக்கிழமை ஆனந்தராஜா ஒடென்சேயிலிருந்து காரில் வந்து இறங்கினார். பாதிக்கொடி தோல்வியை ஒப்புக்கொள்கிற வேலை என்றார். உள்ளங்கைத் தோல் உரியுமட்டும் இழுத்துப் பார்த்தார்.

“கயிறு பிழை. வேற கயிறு போடுங்கோ.”

“உங்கட கூடப்பிறந்த ஆக்கள் எங்க அண்ணை இருக்கினம்?” என்று மனோரஞ்சிதம் கேட்டாள்.

“எல்லாரும் லண்டனில. ஏன்?”

“அதான் உங்களுக்குக் கயிறு பிழையாத் தெரியுது.”

“வாயைப் பொத்து!” என்றான் மாமாங்கம். ஆனந்தராஜா தேத்தண்ணி குடிக்காமல் காரைத் திருப்பினார்.

ஞாயிறு காலை ஊர்ச் சங்கத் தலைவர் ஏய்வின், பன்றி வளர்த்து ஓய்ந்த மனுசன், கொப்பியும் பேனையுமாக வந்து வேலியடியில் நின்றார். அவருக்குப் பின்னால் இருபது பேர். தேவாலயத்து மாதத்தாளில் பாதிக்கொடிக்குக் காரணம் போட வேண்டும், காரணம் இல்லாமல் பறப்பது ஒழுங்கல்ல என்றார். மாமாங்கம் வாயைத் திறக்குமுன் மனோரஞ்சிதம் தெளிவான டேனிஷில் சொன்னாள்: “என் தம்பி கோணேசன். முப்பத்தொரு வயது. செத்துப்போனான்.”

ஏய்வின் எழுதினார். அடக்கம் எப்போது, அடக்கம் முடிந்தால்தான் கொடி ஏறும் என்றார். தேவாலயத்தின் பின்பக்கம் ஒரு குழிக்கு இடம் தரவும் சங்கம் தயார்; வரும் மாதம் அரசியலமைப்பு நாள் அல்லவா, கொடி முக்கியம்.

“குழி இருக்கு. எதை வைக்கிறது? உடலை யார் தருவார்கள்?” என்று அவள் கேட்டாள்.

அதற்கு அவர் கொப்பியில் கட்டம் இருக்கவில்லை.

“அப்படியென்றால் ஏறாது,” என்றாள். பிறகு தோட்டத்துப் புல்லில் குந்தி, தலையிலடித்து, “என்ர தம்பியே, என்னப் பெத்த ராசா” என்று தமிழில் குரலெடுத்தாள். மத்தியானம்வரை அழுதாள். இருபது பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். போகலாமா என்று யாரைக் கேட்பதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. நிரோஜா வந்து அம்மாவின் முதுகில் சாய்ந்தாள். கடைசியில் மாமாங்கமும் ஏணியை வீசிவிட்டுக் குந்தினான்.

அரசியலமைப்பு நாளுக்கு முன் சங்கம் கூடி ஒரு மூளைசாலித் தீர்மானம் எடுத்தது. ஏறாத மேல்பாதியை எல்லாக் கம்பத்திலும் மரமறுக்கிற வாளால் அறுத்துத் தள்ளினார்கள். மனோரஞ்சிதம் தன் கம்பத்தைத் தொட விடவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்குக் கொடிகள் மிச்சக் கம்பத்தின் பாதியில், மேசை உயரத்துக்குத் தொங்கியபடி, நின்றன. ஒரு நாய் அதில் ஒன்றைக் கடித்தது. அதோடு ஊர் வாளை வைத்துவிட்டு, புதுக் கம்பம் நட்டு, பாதியில் பறப்பதற்குப் பழகிக்கொண்டது. வெளியூர்க்காரன் கேட்டால், எங்கள் ஊரில் அப்படித்தான், பழைய வழக்கம் என்கிறார்கள். ஊர்ச் சரித்திரப் புத்தகத்தின் புதுப் பதிப்பிலும் அது பழைய வழக்கம்தான்.

ஆறு வருசத்துக்குப் பிறகு ஏய்வின் செத்தார். கொடியை யாரும் இறக்க வேண்டியிருக்கவில்லை. மனோரஞ்சிதம் அவரைக் கடைசியாகக் குளிப்பாட்டினாள். அந்த மாதத்துத் தாளில், ஞானஸ்நானத்துக்கும் கலியாணத்துக்கும் கீழே, அடக்கப் பட்டியலில் இரண்டு வரிகள் இருந்தன, இரண்டாவது ஆறு வருசமாக மாதாமாதம் வருவது. அடக்கம் ஆனவர்: ஏய்வின். அடக்கம் ஆகவேண்டியவர்: கோணேசன்.