காகிதப் பட்டியில் இரண்டு வரி

பரிசு கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத ஒருத்தியைச் சுற்றி ஐந்து பதிப்பாசிரியர்கள் உட்கார்ந்து தின்பதற்குப் பெயர் காத்திருப்பு விருந்து. இந்தக் கருமத்தை எவன் கண்டுபிடித்தானோ. நடுவர்கள் எங்கோ ஒரு ஹோட்டலில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். நாம் இன்னோர் இடத்தில், கைபேசியை மேஜை நடுவில் வைத்துவிட்டு, அது அடிக்கும்வரை பீர் குடிக்க வேண்டும்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்திரண்டு வருடமாக அறிவியல் புனைகதை எழுதுகிறேன். சூப்பர் மார்க்கெட்டின் பின்பக்கச் சமையலறையில் உருளைக்கிழங்கை மசித்துத் தட்டிய குரோக்கே பொரிப்பது என் பிழைப்பு, எழுதுவது என் வீம்பு. அன்றைக்கு இரண்டு முறை தலைக்குக் குளித்தும் எண்ணெய் நாற்றம் போகவில்லை.

என் நாவலில் ஒரு கிரகம். அங்கே நாற்பது வருடத்துக்கு ஒரு முறைதான் கடல் ஏறிவரும். போன வருடம் வந்த இரண்டாம் பாகம், முந்நூறு பேர் மதில்மேல் ஏறி நின்று அலையை எதிர்பார்க்கும் இடத்தில் முடிகிறது. அதற்குத்தான் இந்தப் பரிசுப் பட்டியலில் இடம் கிடைத்தது. மூன்றாம் பாகத்தையும் எழுதி என் பதிப்பாசிரியர் தச்சிகியிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அலமாரியில் வைத்துவிட்டு, "பரிசு வந்தா போடுவோம். வரலேன்னா ரெண்டோட நிறுத்திக்குவோம்," என்றார். முந்நூறு பேரையும் மதில்மேலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்கிறார் அந்த மனிதர்.

புத்தகக் கடைகள் நிறைந்த ஜிம்போச்சோ பகுதியில் ஓர் உணவகத்தின் உள்ளறையில் ஐந்தரைக்கே கூடினோம். தச்சிகியைத் தவிர மற்ற நால்வரும் வேறு வேறு பதிப்பகம். இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு புத்தாண்டு அட்டை அனுப்பியிராதவர்கள், இப்போது ஆசானுக்கான மரியாதையோடு, மூச்சுக்கு மூச்சு சென்செய், சென்செய் என்று என் கோப்பையை நிரப்பினார்கள்.

"சென்செய், அந்த டைனோசர் வர்ற இடம் இருக்கே, அப்படியே ஆடிப்போயிட்டேன் நான்," என்றார் ஒருவர், வாய் நிறைய கானாங்கெளுத்தியோடு.

என் நாவலில் டைனோசர் இல்லை. கோழிகூட இல்லை.

"ரொம்ப நன்றி," என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

ஏழு மணி தாண்டி கைபேசி அடித்தது. அத்தனை பேரின் சாப்பாட்டுக் குச்சிகளும் அப்படியே நின்றன. மறுமுனையில் ஒரு மெத்தென்ற குரல், நன்றாகப் பரிசீலித்ததாகவும் இந்த முறை எனக்கு அமையவில்லை என்றும் சொன்னது. நன்றி சொல்லி வைத்தேன். பிறகு இரண்டு கையையும் பாயில் ஊன்றித் தலை குனிந்தேன்.

"கெடைக்கலை. வேலையெல்லாம் விட்டுட்டு வந்தீங்க, மன்னிச்சுக்கணும்."

தோற்றதும் நான், மன்னிப்புக் கேட்டதும் நான். தின்றது மட்டும் அவர்கள்.

"நடுவர்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு," என்றார் டைனோசர்காரர், கண்ணைத் தன் கைபேசியிலிருந்து எடுக்காமலே. "பரிசு மினெகிஷிக்காம்," என்றார் இன்னொருவர். நான் நிமிர்ந்தபோது நான்கு பேரும் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரம்மா கதவை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. அடுத்த ஆளுங்க வந்து நிக்கறாங்க. தச்சிகி-சான் ஏழரை வரைக்கும்தான் அறை கேட்டிருந்தார்."

தச்சிகி வாசலில் குனிந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தார்.

"மினெகிஷி எங்க காத்திருந்தார்?" என்று கேட்டேன்.

"இங்கதான், ரெண்டு தெரு தள்ளி."

"அந்த அறையும் நீங்க சொல்லி வெச்சதா?"

"அவரோட அடுத்த புத்தகம் நம்மகிட்டதானே வருது. அதான்."

"அது எத்தனை மணி வரைக்கும்?"

அவர் கயிற்றை இறுக்கிக் கட்டினார். "கடை மூடற வரைக்கும். குஜிராய்-சான், நீங்களும் வந்து ஒரு வாழ்த்துச் சொல்லிட்டுப் போனா பெருந்தன்மையா இருக்கும்."

ஏழு மணி வரை சென்செய், இப்போது வெறும் குஜிராய்-சான். அந்த முகத்தில் த்தூ என்று துப்பிவிட்டு ரயிலேறியிருக்க வேண்டும். ரோஷம் உள்ள எவளும் அதைத்தான் செய்திருப்பாள். மதில்மேல் முந்நூறு பேர் நிற்கிறார்களே என்று நான் அவர் பின்னால் போனேன்.

அந்த அறையில் நாற்பது பேர், ஒரே புகையும் சிரிப்பும். டைனோசர்காரர் அதற்குள் அங்கே பீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தச்சிகி என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"மூணாவது பாகத்துக்கு ஒரு வழி இருக்கு. அட்டைமேல சுத்தற காகிதப் பட்டியில மினெகிஷி சென்செய் பேரும் ரெண்டு வரி பாராட்டும் இருந்தா, மேல பேசி முடிச்சிடுவேன். ஆனா நான் கேட்டா நல்லா இருக்காது. நீங்களே கேட்டுடுங்க."

மினெகிஷிக்கு இருபத்தேழு வயது. காது வரை சிவந்திருந்தார். முன்னால் போய் மண்டியிட்டு வாழ்த்துச் சொன்னேன், கேட்டேன். என் மகன் வயதுப் பையன், பதறி அவரும் மண்டியிட்டார்.

"ஐயோ, அதுக்கென்ன, தாராளமா. ஆனா ஒண்ணு, நான் உங்களை இன்னும் படிச்சதில்லையே."

"பரவாயில்லை."

"அப்ப என்ன எழுதணும்னு நீங்களே சொல்லிடுங்களேன்," என்று கைபேசியை எடுத்தார். கிண்டல் இல்லை. நிஜமாகவே உதவ நினைத்தார். அதுதான் இன்னும் சகிக்கவில்லை.

நான் சொன்னேன். "வராத கடலுக்கு மதில் கட்டுகிறவர்களை இவ்வளவு அன்பாக எழுத இன்னொருவர் இல்லை. நம் அறிவியல் புனைகதை இவரை இத்தனை காலம் கவனிக்காமல் விட்டது நம் குற்றம்." ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, யாராவது ஒரு நாள் சொல்வார்கள் என்று இருபத்திரண்டு வருடமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்த வரிகள். என் எச்சில் தட்டை நானே நக்குவது மாதிரி இருந்தது. சீ.

தச்சிகி எட்டிப் பார்த்தார். "'அறிவியல் புனைகதை' வேணாம், அதைப் பாத்தாலே வாங்க மாட்டாங்க. 'இலக்கியம்'னு போட்டுடலாமா?"

"போட்டுடுங்க," என்றேன்.

மினெகிஷி திருத்தினார். "அழுதேன்னு ஒரு வார்த்தை சேக்கட்டுமா? அழுதேன்னு இருந்தா நல்லா விக்குதாம்."

"சேருங்க."

"எந்த இடத்துல அழுதேன்?"

"மூணாம் பாகத்துல, கடைசிப் பக்கத்துல."

அந்தப் பக்கத்தை என்னைத் தவிர இந்தப் பூமியில் ஒருவரும் படித்ததில்லை. அவர் தட்டச்சு செய்து என்னிடம் நீட்டினார். 'கடைசிப் பக்கத்தில் அழுதேன்.' தச்சிகி தலையாட்டினார்.

"இது போதும். வசந்தத்துக்குள்ள புத்தகம் வந்துடும்."

கடலை வரவழைத்துவிட்டேன், முந்நூறு பேரும் இனி இறங்கலாம். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கைபேசியை அவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்னொரு முறை படித்துப் பார்த்தேன்.

"ரெண்டு தடவை அழுதேன்னு மாத்திடுங்க," என்றேன்.