தீர்த்தகிரிக்கு மூச்சு விட்ட தெரு

1933ஆம் வருஷம் ஐப்பசி மாதம் முதல் வெள்ளிக்கிழமையிலிருந்து எடப்பாடி நெசவாளர் தெருவில் கமலவேணி தன் கணவன் தீர்த்தகிரிக்கும் சேர்த்து மூச்சு விட்டாள். அவன் பஞ்சு அரவை ஆலையில் பத்து வருஷம் வேலை பார்த்து, நெஞ்சு நிறையத் தூசியோடு ஊர் திரும்பியவன். அன்று விடியும்போது அவனுடைய இழுப்பு நின்றது, கூடவே மூச்சும் நின்றது. அவன் வழக்கம்போல எழுந்து பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுத் தறிக்குழியில் இறங்கினான். பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்த கமலவேணிக்குத்தான் மேல்மூச்சு வாங்கியது. கம்பவுண்டர் வீரபாகு கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு வந்தது. "ஓராளுக்குப் பதினாறுங்க. ரெண்டு பேருக்குச் சரியாத்தான் இருக்குது" என்று சொல்லி இருமல் மருந்து மட்டும் கொடுத்தார்.

அதற்குப் பின் அவள் செய்ததெல்லாம் அவன் நெஞ்சில் தெரிந்தது. அவள் மிளகாய் வறுத்தால் அவன் இருமினான். அவள் மாமியாரோடு சண்டை பிடித்தால் தறியில் உட்கார்ந்திருந்த அவனுக்குப் புஸ்புஸ் என்று வாங்கியது. அவள் நன்றாகத் தூங்கிய இரவுகளில் அவனுக்கும் மூச்சு நிதானமாக, நிமிஷத்துக்குப் பன்னிரண்டாக ஓடியது. ஒருமுறை அவள் நேர்த்திக்கடனுக்காகத் திருச்செங்கோடு மலை ஏறப் போயிருந்தாள். பக்கத்து வீட்டு ராஜம்மாள் எட்டிப் பார்த்து, "ஏனுங்ண்ணா, அண்ணி எத்தனாவது படியில இருக்குது?" என்று கேட்டாள். தீர்த்தகிரி மூச்சிரைப்பு தணியும்வரை காத்திருந்து, "இப்பத்தான் அறுபதாம்படியில உக்காந்துட்டாளாட்டம் இருக்குது அம்மிணி" என்றான்.

மறு வருஷம் கமலவேணி முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாதத்தில் குழந்தை மேலே முட்டி நெஞ்சுக்கு இடமில்லாமல் செய்தது. கிணற்றடியிலிருந்து குடத்தோடு வருவதற்குள் நான்கு இடத்தில் நின்றாள். தீர்த்தகிரியின் உதடு கறுத்தது. மறுபடி எண்ணிப் பார்த்த வீரபாகு, ஒரு நெஞ்சு மூன்று பேருக்குப் போதாது, பிரசவத்துக்குள் யாராவது ஒருவருக்குக் குறைந்துபோகும் என்றார்.

தெரு கூடிப் பேசியது. தறிக்குப் பாவு போடுவது எந்தக் காலத்திலும் ஒரு வீட்டின் வேலையாக இருந்ததில்லை. தெருவின் நீளத்துக்கு நூலை நீட்டிக் கஞ்சி தோய்க்கும் நாளில் எல்லா வீடும் வந்து கை கொடுக்கும். அதற்குக் கூலி கிடையாது, முறைதான் உண்டு; யாருக்கு எந்த நாள் என்று எழுதிவைக்க ஒரு நோட்டும் உண்டு. பெரியதனக்காரர் குமாரசாமி அந்தப் பாவு முறை நோட்டிலேயே, ஒவ்வொரு தறிநாளுக்கும் எதிரே, தீர்த்தகிரிக்கு மூச்சு விடவேண்டியவர் பெயரையும் எழுதினார். கார்த்திகை முதல் கமலவேணி தனக்கும் பிள்ளைக்கும் மட்டும் விட்டாள். அங்கமுத்துவின் நாளில் தீர்த்தகிரியின் மூக்கிலிருந்து பீடிப் புகை வந்தது. மருதாசலத்தின் நாளில், அவன் சடுகுடு பாடிப் போனால், கோட்டைத் தொட்டுத் திரும்பும்வரை தீர்த்தகிரி தறியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான்.

தை அமாவாசையன்று தெரு முழுவதும் வண்டி கட்டிக்கொண்டு பூலாம்பட்டிக்குக் காவிரி முழுக்குக்குப் போனது. அன்றைக்கென்று கமலவேணிக்கு வலி கண்டது. அமாவாசையில் தறி ஓடாது. தறி ஓடாத நாளுக்கு நோட்டில் வரி இல்லை. முந்தின அமாவாசைகளில் கமலவேணியே விட்டுச் சமாளித்திருந்ததால், வரி இல்லாத நாளுக்கு ஆளும் இல்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. தீர்த்தகிரி வாசலில் உட்கார்ந்திருந்தான். இன்றைய ஆள் இன்னும் எழவில்லை போலும், மூச்சை அவசரப்படுத்திக் கேட்பது மரியாதையில்லை என்று பொறுமையாக இருந்தான்.

வெந்நீருக்கு வெளியே வந்த மருத்துவச்சி பொன்னாயி அவனைப் பார்த்தாள். "ஏஞ்சாமி, மூஞ்சி நீலம் பாரிச்சுக் கெடக்குது. இன்னைக்கு ஆரு மொறை?"

அவன் காலித் தெருவைக் காட்டிக் கையை விரித்தான். உள்ளே கமலவேணி ஒரு பெருமூச்சை அவனுக்காக இழுக்கப் போனாள். பொன்னாயி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள். "அவருக்கு உட்டீனா கொழந்தைக்கு இல்ல கண்ணு. பாத்துக்க."

கமலவேணி பல்லைக் கடித்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினாள். "நோட்டுல ஆளில்லைங்க. இன்னைக்கு உங்க மொறைதானுங்க. இழுங்க."

முறை என்று சொன்ன பிறகு அந்தத் தெருக்காரன் எவனும் தட்டமாட்டான். தீர்த்தகிரி இழுத்தான். சிக்கல் விழுந்த பாவு நூலை இழுப்பது போல முதலில் எதுவும் அசையவில்லை. பிறகு பத்து வருஷத்துப் பஞ்சு வெள்ளையாக, கொட்டை நீக்கிச் சுத்தமாக, அவன் வாயிலிருந்து வந்து வாசலெல்லாம் பறந்தது. பொன்னாயி அதை ஒரு கூடையில் அள்ளி வைத்தாள். அவன் நிமிஷத்துக்கு ஐம்பது முறை மூச்சு விட்டான், பிறகு நாற்பது, பிறகு இருபது. உள்ளே கமலவேணி வலியில் மூச்சைப் பிடித்துக்கொண்ட நேரங்களில் அவளுக்கும் சேர்த்து அவனே விட்டான். உச்சிப் பொழுதில் பெண் குழந்தை பிறந்து, தன் மூச்சைத் தானே எடுத்துக் கத்தியது.

ஈர வேட்டியோடு திரும்பிய குமாரசாமி விஷயத்தைக் கேட்டு, வெட்கத்தோடு நோட்டைத் திறந்து, அமாவாசைக்கு ஒரு வரி சேர்த்துத் தீர்த்தகிரியின் பெயரை எழுதினார். மற்ற நாளும் அவனே விட்டுக்கொண்டான் என்றாலும், கட்டிய முறையைக் கலைக்க யாருக்கும் மனம் வரவில்லை. 1938இல் ராஜம்மாளுக்குச் சளிக்காய்ச்சல் நெஞ்சில் இறங்கியபோது அவளுக்கு மூச்சு விடும் முறையில் முதல் மூன்று நாளைத் தீர்த்தகிரி கேட்டு வாங்கிக்கொண்டான். அவள் பிழைத்தாள். இப்போதெல்லாம் அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வரும் பெண்களுக்கு, தண்ணீர் எடுக்க எந்தக் கிணறு என்று காட்டும்போதே, மூச்சு விட எந்த நாள் என்பதையும் சொல்லிவிடுகிறார்கள்.