அக்டோபரில் ஏற்றிய நட்சத்திரம்

அந்த வருஷம் அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் முந்திக்கொண்டது. வெளியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மகளுக்கு டிசம்பர் கடைசியில் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நவம்பர் இருபத்தைந்து வந்து, டிசம்பர் நாலு திரும்ப வேண்டும்.

"அதனால என்ன? நான் வர்ற அன்னைக்குத்தான் நமக்குப் பண்டிகை" என்றாள் போனில். அம்மாவிடம், வாசற்படியின் இரண்டு பக்கமும் கிறிஸ்துமஸ் செடி சிவப்பாக நிற்க வேண்டும் என்று கேட்டாள். அப்பாவிடம், பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நட்சத்திரம் கண்ணில் பட வேண்டும் என்றாள். இருவரும் தலையாட்டினார்கள். தங்களுக்குள் பேசிக்கொள்ளவில்லை. பேசிக்கொள்ள இதில் என்ன இருக்கிறது?

அம்மா வீட்டுக்குப் பின்னால் நர்சரி வைத்திருப்பவள். அந்தச் செடியில் சிவப்பாகத் தெரிவது பூவே இல்லை, இலை. அது சிவக்க உரமோ மருந்தோ வேண்டாம், இருட்டு வேண்டும். தினம் பதினாலு மணி நேரம், இடையில் பொட்டு வெளிச்சம் படாத இருட்டு, எட்டு வாரத்துக்கு. செடி பகலைக் கணக்கெடுப்பதில்லை, இரவின் நீளத்தைத்தான் அளக்கிறது. நடுவில் வெளிச்சம் பட்டால் ஒரு நீண்ட இரவு இரண்டு குட்டி இரவாக உடைந்துவிடும். கோடை இன்னும் போகவில்லை என்று எண்ணிக்கொண்டு செடி பச்சையாகவே நிற்கும்.

செப்டம்பர் கடைசியிலேயே நாற்பது தொட்டிகளைக் கொட்டகைக்குள் அடுக்கி, மாலை ஐந்து மணிக்குக் கறுப்புத் துணியை இறக்கினாள். காலை ஏழு மணிக்கு ஏற்றினாள். புழுங்கி இலை கொட்டாமலிருக்க, கூரையின் நடுவில் ஒரு முழம் அகலத்துக்கு வலை அடித்த திறப்பு ஒன்று உண்டு. எல்லா வருஷமும் இருப்பதுதான். அது பார்ப்பது வெறும் வானத்தை.

அப்பா வயர்மேன். அக்டோபர் முதல் தேதியே மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் இரும்புக் குழாய் நட்டு, நட்சத்திரத்தை ஏற்றி, மாலை ஆறரைக்குத் தானாக எரிந்து விடியலில் அணையும்படி டைமர் வைத்தார். எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், இந்த வருஷம் உங்க வீட்டுக்கு மட்டும் காலண்டர் வேறயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஐந்தாவது வாரம் ஓரத் தொட்டிகளில் சிவப்பு ஓடத் தொடங்கியது. பதினாறு தொட்டி. நடுவிலிருந்த இருபத்துநாலும் பச்சைப்பசேல் என்று நின்றன. தண்ணீரை மாற்றிப் பார்த்தாள், மண்ணைக் கிளறிப் பார்த்தாள். துணி இறக்கிய பிறகு உள்ளே போய்ப் பார்க்க மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. திறந்தால் வெளிச்சம் உள்ளே புகுந்துவிடுமே. கடைசியில் ஒரு மத்தியானம் பச்சைத் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே உட்கார்ந்தபடி புருஷனைக் கூப்பிட்டாள்.

"மேல பாருங்க."

"என்ன, ஓட்டையா? அடைச்சுரலாம்."

"ஓட்டை இல்ல, காத்துக்கு விட்டது. அதுக்கும் மேல பாருங்க."

திறப்புக்குள் நட்சத்திரத்தின் வால் தொங்கியது. அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "வருஷா வருஷம் கட்டுறதுதானேம்மா?"

"டிசம்பர் பாதியில கட்டுவீங்க. அதுக்குள்ள செடி சிவந்து முடிஞ்சிருக்கும். யார் உங்களை அக்டோபர்லயே ஏறச் சொன்னது?"

"உன் மகதான். அது சின்ன பல்பு. அதுக்குப் போயி..."

"தலைமாட்டுல எரியவிட்டா நீங்க தூங்குவீங்களா?"

"நான் டியூப்லைட்லயே தூங்குவேன்."

"நீங்க சிவக்க வேண்டியதில்ல."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மகள் வர நாலு வாரம்தான் இருந்தது. புதிதாக எட்டு வாரம் எண்ணினால் டிசம்பர் கடைசி. அன்றே மாடியேறி நட்சத்திரத்தை அணைத்தார். போன காரியத்துக்கு அது உதவவில்லை. இனிக் கெடாமல் காத்தது, அவ்வளவுதான்.

இருபத்தைந்தாம் தேதி படியின் இரண்டு பக்கமும் எட்டெட்டுச் சிவப்பு. அதற்குக் கீழே பன்னிரண்டு பன்னிரண்டாகப் பச்சை. மாடியில் நட்சத்திரமும் எரியவில்லை. மகள் பெட்டியோடு படியில் நின்று, கேட்டதில் பாதிக்கும் குறைவாகத்தான் கிடைத்திருப்பதைப் பார்த்தாள்.

"என்னம்மா, சிக்னல் மாதிரி இருக்கு?"

"உங்கப்பாவைக் கேளு."

அப்பா விஷயத்தைச் சொன்னார். தன் தொழிலின் குற்றம் என்பதால் ஒன்றுவிடாமல், வோல்டேஜ் உட்பட விளக்கினார். அவள் கேட்டு முடித்து, "அப்ப நான் இருக்கிற வரைக்கும் நட்சத்திரம் எரியவே எரியாதா?" என்றாள்.

அம்மா பச்சைத் தொட்டிகளைப் பார்த்தாள். "எரியட்டும். மாடிப்படிக்கு அடியில சாமான் அறை இருக்கு, ஜன்னல் கிடையாது. தினம் அஞ்சு மணிக்குப் பச்சையை எல்லாம் அங்க வெச்சுப் பூட்டணும். காலையில வெளிய எடுக்கணும்."

மணி ஐந்தாகப் பத்து நிமிஷம் இருந்தது. அப்பா இரண்டு கையிலும் தொட்டியோடு முன்னால் நடந்தார். மகள் பயணத் துணிகூட மாற்றாமல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

"இது எப்பம்மா சிவக்கும்?"

"டிசம்பர் இருபத்துநாலு வாக்குல."

"அப்ப நான் பாக்கவே மாட்டேன்ல?"

"மாட்ட. சாய்க்காம தூக்கு, மண்ணு கொட்டுது."